மெட்டி போடாத பேய்

பழைய தமிழ்ப் பேய்ப் படங்களைப் போன்ற அசட்டுத்தனத்தை இந்த அறுபது வயதுக்குள் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழுவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு பாழடைந்த பங்களா இருக்கும். பாழடைந்தது என்று வசனத்தில்தான் சொல்வார்கள். தரை பளபளவென்று மின்னும், மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும், நாய் ஊளையிடும், ஜன்னல் தானாகத் திறந்துகொள்ளும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பேய் வரும். செத்துப் பத்து வருஷமானவளின் புடவை, அன்று காலையில்தான் தி. நகரில் எடுத்துக் கட்டிக்கொண்ட மாதிரி கஞ்சி மொடமொடப்போடு இருக்கும்.

வந்த பேய் சும்மா போகாது, பாடும். பல்லவி, இரண்டு சரணம், நடுவில் வயலின் எல்லாம் உண்டு. கதாநாயகன் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பாட்டுக்குப் பின்னாலேயே தோட்டம் பூராவும் அலைவான். இரண்டாவது சரணம் முடிகிற வரைக்கும் நாலு எட்டு ஓடிப்போய் அவளைப் பிடிக்க வேண்டும் என்று அந்தத் தடியனுக்குத் தோன்றாது. இதற்குள் நகைச்சுவை நடிகர் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு மாட்டிக்கொள்வார். அவரைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டும்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். எனக்கு வயிறு எரிவது கடைசிப் பத்து நிமிஷத்தில்தான். பேயே கிடையாதாம். சொத்துக்கு ஆசைப்பட்ட காரியஸ்தர் செய்த ஏற்பாடாம். சுவருக்குப் பின்னால் ரகசிய வழி, அதற்குள் ஒரு டேப் ரெக்கார்டர், அதில் அந்தச் சிரிப்பு. போலீஸ் ஜீப் வந்து நிற்கும், சுபம். பேயை நம்பவும் இவர்களுக்குத் தைரியம் கிடையாது, பேயில்லாமல் டிக்கெட் விற்கவும் வழி கிடையாது. இரண்டரை மணி நேரம் மூட்டைப்பூச்சிக் கடியில் உட்கார்ந்திருந்தவன் முட்டாள்.

மூட்டைப்பூச்சி என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் படங்களில் பாதியை மயிலாப்பூரில் அப்போதிருந்த தியேட்டரில் காலைக்காட்சியாகப் பார்த்தேன். கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து, திரையைப் பார்த்துச் சத்தமாகக் கிண்டல் செய்வது எனக்குப் பிழைப்பாக இருந்தது. பின்வரிசையில் சிரிப்பார்கள். ஒருமுறை என் வாய்க்காகவே இரண்டு பேர் மறுபடியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெருமை தலைக்கேறியது இன்னும் இறங்கவில்லை. பிறகு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, கல்யாணம், வீட்டில் டிவி. தியேட்டரில் செய்ததை டிவி முன்னால் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

குறிப்பாக ஒரு படம். பெயர் வேண்டாம், அதற்கு அந்த மரியாதைகூடத் தேவையில்லை. ஜமீன்தார் மனைவியைக் கொலை செய்துவிடுகிறார்கள். அவள் பேயாக வருகிறாள். படத்தின் பெரிய காட்சி என்று எல்லாரும் சொல்வது மாடிப்படிக் காட்சி. புகைக்கு நடுவே பேய் படியிறங்கி வருகிறது. முகத்தைக் காட்டாமல் பாதங்களை மட்டும் காட்டுகிறார்கள். வெள்ளைப் புடவை ஓரம், கொலுசு, ஒவ்வொரு படியாக இரண்டு கால். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று ஊரே சொல்லும்போது, இங்கே கால்தான் கதாநாயகி. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. செத்தவள் சுமங்கலி. பிணத்தைக் காட்டும்போது தாலி, குங்குமம், மெட்டி எல்லாம் இருக்கிறது. படியிறங்குகிற காலில் மெட்டி கிடையாது. விரல் மொட்டையாக இருக்கிறது. கடைசியில் இந்தப் பேயும் காரியஸ்தர் ஏற்பாடுதான் என்றாலும், அதற்குத் துப்பாகக்கூட இதை யாரும் சொல்வதில்லை.

இதைக் கண்டுபிடித்தது நான்தான். காலேஜில் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், என் கல்யாணத்துக்கு வந்தவர்களிடம்கூடச் சொல்லியிருப்பேன். எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் இரண்டு தடவை எழுதினேன். நாற்பது வருஷமாக ஒரே நகைச்சுவையை வைத்துக் காலம் தள்ளுகிறவன் அந்தக் கட்டிலடி நடிகரைக் குறைசொல்ல லாயக்கில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் இப்போது இரண்டே பேர், நானும் அக்காவும். என் மனைவி காலமான பிறகு அக்கா மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்துவிட்டாள். என்னைவிடப் பதின்மூன்று வயது பெரியவள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு ஜாதகம் காரணம் என்று அம்மா சொல்வாள், அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள்.

மூன்றாவது மாடியில் ஒரு கம்ப்யூட்டர் பையன் இருக்கிறான். பையன் என்றால் முப்பத்தைந்து வயது. சனி ஞாயிறுகளில் சினிமா ரசனை வகுப்புக்குப் போய்க் கெட்டுப்போனவன். கீழ்த்தள ஹாலில் பழைய பேய்ப் படங்களைப் போடப்போவதாக அவன்தான் ஆரம்பித்தான். ஏழு மணிக்கு மேல் ஹாலில் சத்தம் கூடாது என்று சங்கத்தில் விதி இருப்பதால் பேய் மாலை நாலு மணிக்கு வரவேண்டும் என்று முடிவானது. முதல் படமாக இவன் தேர்ந்தெடுத்தது சாட்சாத் அந்தப் படம். படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் பேச என்னைக் கூப்பிட்டான். "அங்கிள், நீங்க அதை ரோஸ்ட் பண்ணுங்க, நான் அப்புறம் டிஃபெண்ட் பண்றேன்" என்றான். எனக்கு வாயெல்லாம் பல்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கீழ அந்தப் படம் போடறாளாமே?"

"ஆமா. நான் பேசப்போறேன்."

"பேசு. ஆனா படம் ஆரமிச்சப்புறம் நீ வாயைத் திறக்கப்படாது. எனக்கு அதை ஒரு தடவையாவது முழுசாப் பாக்கணும்."

"நம்மாத்துல டிவில எத்தனை தடவை போட்டிருக்கான்! பாக்கலையா நீ?"

"போட்டான். நீ பாக்க விட்டியா?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். மயிலாப்பூர் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்த நாளில், அந்தப் படம் டிவியில் வரும்போதெல்லாம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பாள். நான் ஆரம்பிப்பேன். என் மனைவி சிரிப்பாள், வந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். திரும்பிப் பார்த்தால் அக்கா இருக்க மாட்டாள், உள்ளே பாத்திரம் உருளும். ஒரு தடவையாவது ஏன் போனாய் என்று நான் கேட்டதில்லை. அக்காவுக்குப் பேய்ப் படம் பிடிக்காது என்று நானாகவே முடிவு செய்து, அதையும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"சரி, வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

ஒரு குப்பைப் படத்துக்குச் சத்தியம் கேட்கிறாளே என்று இருந்தது. செய்துகொடுத்தேன். இந்த வயதில் இவளுக்கு இப்படி ஒரு ரசனையா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேதான் செய்துகொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே அக்கா தயார். கபாலி கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போகிற அரக்குப் பட்டு. மூக்குக்கண்ணாடியைத் தலைப்பால் துடைத்தாள், போட்டுப் பார்த்தாள், கழற்றி மறுபடி துடைத்தாள். ஹாலில் முதல் வரிசையில் நடுநாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகச் சட்டைப்பையில் ஒரு கைப்பிடி கல்கண்டு போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

ஹாலில் மேற்கு வெயில் சுளீரென்று அடித்தது. எங்கள் குடியிருப்பின் எலெக்ட்ரீஷியன் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மனிதர், ப்ரொஜெக்டருக்கும் அவர்தான் பொறுப்பு. காலையில் சோதித்துப் பார்த்ததில் படத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டிருந்தார்.

"இன்னா சார், பேய்ப் படம்னாங்க, அது பாட்டுக்குப் பாட்டு பாடிக்கினு கீது? எங்க ஏரியா பேய்ங்க இந்த மாதிரி டைம் வேஸ்ட் பண்ணாது" என்றார்.

ஹாலிலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். பையன் மைக்கைப் பிடித்தான். நிழலும் ஒளியும் என்றான், அடக்கப்பட்ட பெண்ணின் ஆழ்மனம் என்றான், அந்தப் படிக்கட்டு படிக்கட்டு அல்ல என்றான். பிறகு நான் பேசினேன். பத்து நிமிஷம் என்றது இருபது நிமிஷம் போயிற்று. காரியஸ்தரைக் கிழித்தேன், டார்ச் லைட்டைக் கிழித்தேன். ஹால் குலுங்கியது. மெட்டி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை, அது காட்சி வரும்போது தானாகத் தெரியட்டும் என்று விட்டுவைத்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்ற சத்தியம் அதற்குள்ளேயே எங்கே போயிருக்கிறது பாருங்கள்.

படம் ஆரம்பித்தது. கடிகாரம் அடித்தது, நாய் ஊளையிட்டது. நான் கல்கண்டை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன். பேய் பாடியது, இரண்டாவது கல்கண்டு. அக்கா முதுகை நிமிர்த்தி, முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, இண்டர்வியூவுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலடி நடிகர் வந்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை என்பதை என் பக்க நியாயமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மாடிப்படியில் புகை கிளம்பியது. அப்போது பார்த்து அந்தப் பையன் எழுந்து, "அங்கிள், உங்க சீன்!" என்றான். ஐம்பது தலைகள் என் பக்கம் திரும்பின. என் நாக்கில் சனி. கல்கண்டும் கரைந்துபோயிருந்தது.

"நன்னாப் பாருங்கோ," என்றேன் உரக்க. "கொலை பண்ணினவன் தாலியை விட்டுட்டு மெட்டியை மட்டும் கழட்டிண்டு போயிட்டான்!"

அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் காலைக்காட்சியில்கூட வாங்கியதில்லை. கைதட்டினார்கள். இரண்டு பேர் விரலைப் பார்ப்பதற்காகத் திரைக்குக் கிட்டேயே போய்க் குனிந்தார்கள். அவர்கள் தலைகளுக்கு நடுவே பாதங்கள் கீழே வந்து, புகையில் மறைந்து, காட்சி மாறிவிட்டது.

"கழட்டலை," என்றாள் அக்கா. "போட்டுக்கவே இல்லை."

"என்ன?"

"அம்மா கூடாதுன்னுட்டா. கல்யாணம் ஆகாத பொண்ணு நடிக்கறதுக்காகக்கூட மெட்டி போட்டுக்கப்படாதுன்னா."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவளுக்கு ஏதோ குழப்பம் என்று பயந்துபோனேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, டெலிபோன் ஆபீஸ் விவகாரம் சொல்கிற அதே குரலில் சொன்னாள். கதாநாயகிக்குக் கால் சுளுக்கிக்கொண்டதாம். அக்காவுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்த டீச்சர்தான் அந்தப் படத்துக்கும் நடனம் அமைத்தாளாம். நன்றாக நடக்கத் தெரிந்த பெண் ஒருத்தி இரண்டு நாளைக்கு வேண்டும் என்று வீட்டுக்கு வந்து கேட்டாளாம். அம்மா மூன்று நிபந்தனை போட்டாளாம். முகம் தெரியக்கூடாது, பெயர் வரக்கூடாது, மெட்டி போடக்கூடாது.

"டைரக்டர் எவ்வளவோ கெஞ்சினார். கூட வந்த அம்மா படிக்கட்டுக் கிட்டயே ஸ்டூல் போட்டு உக்காந்துண்டு அசையவே இல்லை. கடைசில கேமராமேன்தான், விடுங்க சார், பேயோட கால் விரலை எவன் பாக்கப்போறான்னு சொன்னார்."

அந்த எவன் நான்தான்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர், பேசாமல் படம் பாருங்கள் என்று என்னை அதட்டினார். எனக்கு அது தேவைதான். அக்கா சொன்ன பிறகு எனக்கே ஒன்று ஞாபகம் வந்தது. நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அக்கா அம்மாவோடு அடையாற்றிலிருந்து திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமை இல்லை, ஆனாலும் அவள் தலையெல்லாம் சாம்பிராணி வாசனை. உள்ளங்கால் இரண்டும் கரி. கிணற்றடியில் உட்காரவைத்து அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். என்ன என்று கேட்டதற்கு நாட்டியப் பரீட்சை என்றார்கள். பாஸா என்று கேட்டேன். அம்மா இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

படம் வெளியானபோது அக்காவைப் பார்க்க விடவில்லை. யாராவது அடையாளம் கண்டுபிடித்துவிட்டால்? பாதத்தை வைத்து மயிலாப்பூரில் எவன் கண்டுபிடிப்பான் என்று அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போய்விடும் என்று அவளுக்குப் பயம். பேய்ப் படத்துக்குப் பயப்படாதவள் அதற்குப் பயந்தாள். மூன்று நிபந்தனைகளும் இம்மி பிசகாமல் காப்பாற்றப்பட்டன. கல்யாணம்தான் நடக்கவில்லை. அம்மா போன பிறகாவது பார்க்கலாம் என்றால் ஹாலில் டிவிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசிப்போகிற வெட்கம்.

"அந்த இடம் எனக்குத் தெரியவே இல்லைடா," என்றாள் அக்கா. "அவா தலை மறைச்சுடுத்து."

எழுந்தேன். ப்ரொஜெக்டருக்கு முன்னால் போய் நின்றேன். திரை முழுக்க என் நிழல். என்ன மாமா இது என்று சத்தம் கிளம்பியது. காரியஸ்தர் என் வயிற்றின் மேல் நின்றுகொண்டு ஏதோ திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கோ. படிக்கட்டுக் காட்சியை மறுபடி போடுங்கோ."

"அங்கிள், ஜோக் எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு," என்றான் பையன்.

"ஜோக் இல்லை. அது எங்க அக்கா. அந்தக் கால் எங்க அக்காவோடது."

சிரிக்க ஆரம்பித்த ஒன்றிரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். எலெக்ட்ரீஷியன் என்னை விட்டுவிட்டு நேராக அக்காவிடம் கேட்டார்.

"மெய்யாலுமாம்மா? அது நீங்களா?"

"ஆமாம்ப்பா," என்றாள். "கொஞ்சம் பின்னால கொண்டுபோறியா?"

அவர் கொண்டுபோனார். திரைக்குக் கிட்டே போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார்கள். புகை கிளம்பியது. முதல்முறையாக அந்தக் காட்சியை ஓட்டை தேடாமல் பார்த்தேன். பதினோரு படி. ஒவ்வொரு படியிலும் முதலில் விரல்கள் வந்து தொடுகின்றன, பிறகு பாதம், கடைசியாகக் குதிகால். அவசரமே இல்லை. கொலுசு ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு தடவை ஒலிக்கிறது. கீழே பார்க்காமல் நடக்கிறாள் என்பது காலை மட்டும் பார்த்தே தெரிகிறது. அந்த ஒரு நிமிஷம் அந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. இதை நாற்பது வருஷமாக என் கண் முன்னால் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் செருப்பு ஒரு பக்கம் கிடந்தது. வெறுங்காலை டைல்ஸில் ஊன்றிக்கொண்டு, படிக்குப் படி கட்டைவிரலால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரப் படம் பாக்கியிருந்தது. சுவர் திறந்தது, டேப் ரெக்கார்டர் வந்தது, ஜீப் வந்தது. நான் கல்கண்டு இல்லாமலே வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசி எழுத்து மறைகிற வரைக்கும் அக்கா இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. பையன் ஓடிவந்து பேட்டி வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்றான். பாதத்தைத் தனியாக ஒரு போட்டோ எடுக்கலாமா என்று வேறு கேட்டான். "அதெல்லாம் வேண்டாம், எனக்கு விளக்கேத்தணும்," என்று சொல்லிவிட்டு அக்கா லிஃப்டுக்கு நடந்தாள்.

லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அறுபது வருஷமாக எதற்கும் தடுமாறாத வாய் அன்றைக்குப் பார்த்துத் தடுமாறியது. அவள் முந்திக்கொண்டாள்.

"நீ சொன்னதெல்லாம் சரிதாண்டா. படம் சகிக்கலை. அந்தக் காரியஸ்தனும் அவன் டேப் ரெக்கார்டரும், கண்றாவி."

"நீ நன்னா நடந்திருக்கே."

"அது எனக்குத் தெரியும்."

லிஃப்ட் எங்கள் மாடிக்கு வந்து நின்றது. கதவு திறந்த பிறகும் அவள் வெளியே போகவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"ஆனா நீ சொல்றாப்பல அந்த விரல் மட்டும் மொட்டையா உறுத்தறது," என்றாள். "போட்டுண்டிருக்கலாம்."